சிப்பாயை ஈந்த சிறுமி

சென்ற ஆண்டு பங்குத் திருவிழாவை ஒட்டி நம் பங்கு மன்றத்தில் சதுரங்கப் போட்டி ஒன்றை நடத்தினோம். பெயர் கொடுத்தவர் அனைவரும் சிறுவரே. போட்டி தொடங்கும் வேளையில் தாய் ஒருவர் பத்து வயது மகளின் கையைப் பிடித்தபடி வந்து, "சுவாமி, இவளும் நன்றாக ஆடுவாள். பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். வேலை மிகுந்த நேரம். நாமும் சிந்திக்காமல், "பெண்பிள்ளைகளுக்குத்தான் மாலையில் கோலப்போட்டி இருக்கிறதே, அம்மா" என்று சொல்லிவிட்டோம். தாய் ஒன்றும் பேசவில்லை. சிறுமி மட்டும் மேசைமேல் அடுக்கப்பட்டிருந்த காய்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அந்தப் பார்வை நம்மைப் பல நாள் உறுத்தியது. குருமடத்தில் பயின்ற காலத்தில் ஓய்வு நேரத்தில் நாமும் சதுரங்கம் ஆடியதுண்டு. அந்தப் பழக்கத்தில், பெண்கள் ஆடிய பெரிய ஆட்டங்களைப் பற்றித் தேடிப் படிக்கலானோம். படித்தவற்றுள் ஓர் ஆட்டத்தை நம் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். 1988-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி 17 நகர்வுகளில் முடித்த ஆட்டம் அது. அதன் முடிவைக் காட்டிலும் அதன் தொடக்கமே நமக்குப் பெரும் பாடமாக அமைந்தது.

அரசி எழுந்த கதை

சதுரங்கப் பலகையில் யாவரினும் வலிமை மிக்கவர் யார்? அரசனல்லன். அவன் ஒரு கட்டத்துக்கு மேல் நகர இயலாதவன். பிறர் காவலில் வாழ்பவன். நேராகவும் குறுக்காகவும் எத்தனை கட்டமாயினும் விரைந்து சென்று போரிடுபவள் அரசியே. அவளை நம் பிள்ளைகள் 'ராணி' என்கின்றனர்.

ஆனால் இந்தக் காய் என்றும் இவ்வாறு இருந்ததன்று. நம் பாரதத்தில் பிறந்த பழைய ஆட்டத்தில் அரசனருகே நின்றவர் ஓர் ஆலோசகர். அவர் குறுக்காக ஒரே ஒரு கட்டம் மட்டுமே நகர்வார். பாரசீகரும் அராபியரும் இவ்வாட்டத்தை மேற்றிசைக்குக் கொண்டு சென்றனர். ஐரோப்பியர் அந்த ஆலோசகரை நாளடைவில் அரசியாக மாற்றினர். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்த அரசிக்கு இன்றுள்ள ஆற்றலை அளித்தனர்.

அரசியின் இப்புதிய வலிமையை நன்கறிந்தவர் அவிலா நகரத்துப் புனித தெரேசம்மாள். தம் துறவியருக்கு எழுதிய 'நிறைவாழ்வின் வழி' என்னும் நூலில் அவர் சதுரங்கத்தையே உவமையாக்கினார். அரசனை மிகுதியாய் முற்றுகையிடுபவள் அரசி; அதுபோல விண்ணக அரசரை நம்பால் சரணடையச் செய்வது தாழ்ச்சி என்னும் அரசியே என்பது அவர் கருத்து. இதனால் ஸ்பெயின் நாட்டில் சதுரங்கம் ஆடுவோரின் பாதுகாவலியாக அவர் போற்றப்படுகிறார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பலகையின்மேல் பெண்ணுக்கு முதன்மை கொடுத்த உலகம், பலகையின்முன் அவள் அமர நாற்காலி கொடுக்க நெடுங்காலம் தயங்கியது. பெண்களுக்கான முதல் உலக வாகையர் போட்டி நடந்தது 1927-ஆம் ஆண்டில்தான். லண்டனில் நடந்த அப்போட்டியில் வென்ற வேரா மென்சிக் அம்மையார், ஆண்களில் தலைசிறந்தோர் சிலரையும் பின்னர்த் தோற்கடித்தார். 1944-இல் லண்டன்மேல் விழுந்த குண்டு ஒன்றுக்கு அவர் பலியானார். நாடுகளுக்கிடையே பெண்கள் அணியாக ஆடும் ஒலிம்பியாடின் வெற்றிக் கோப்பை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தெசலோனிக்க நகரில்

பெண்கள் ஒலிம்பியாடு 1957-இல் நெதர்லாந்தின் எம்மன் நகரில் தொடங்கிற்று. அன்று முதல் சோவியத் நாட்டுப் பெண்கள், தாம் பங்கேற்ற 11 ஒலிம்பியாடுகளிலும் முதலிடம் பெற்றனர். அவர்களை வெல்ல இயலாது என்பதே பிற நாட்டவரின் எண்ணமாயிருந்தது.

1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒலிம்பியாடு தெசலோனிக்க நகரில் கூடியது. ஆம், புனித பவுலடியார் இரு திருமுகங்கள் எழுதினாரே, அதே நகர்தான். அந்நாளில் பெண்கள் பிரிவில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று மேசைகள். மூவர் ஆட, ஒருவர் மாற்றாக இருப்பார். சுற்றுகள் 14. ஒவ்வோர் ஆட்டத்தின் புள்ளியும் அணியின் கணக்கில் சேரும். ஆகவே அரைப் புள்ளிகூட அரியதே.

ஹங்கேரி நாட்டின் அணியில் நால்வர். அவருள் மூவர் உடன்பிறந்த சகோதரியர். மூத்தவர் சூசன் போல்கார், வயது 19. அடுத்தவர் சோபியா, வயது 14. இளையவள் யூதித், வயது 12. நான்காமவர் இல்திகோ மாடல், வயது 19. நால்வரில் எவரும் இருபதைத் தொடவில்லை. எதிரே நின்ற சோவியத் அணியிலோ உலக வாகையராகிய மாயா சிபுர்தானிட்சேயும் அவரையொத்த மூத்த வீராங்கனைகளும் இருந்தனர்.

போட்டியின் நடுவே எவரும் எதிர்பாராதது ஒன்று நிகழ்ந்தது. 9 ஆட்டங்களில் 8½ புள்ளி எடுத்திருந்த சோவியத் வீராங்கனை எலெனா அக்மிலோவ்ஸ்காயா, அங்கு வந்திருந்த அமெரிக்கர் ஜான் டொனால்ட்சனைத் திருமணம் புரிந்துகொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். எஞ்சிய மூவரே அந்த அணியின் சுமையைத் தாங்கினர். இறுதியில் ஹங்கேரி 33 புள்ளி. சோவியத் நாடு 32½ புள்ளி. அரைப் புள்ளியில் தங்கம் கை மாறியது!

எலெனா புறப்படாதிருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம் என்போர் உண்டு. இருக்கலாம். ஆயினும் அந்த 33 புள்ளிகளில் 12½ புள்ளி ஒரு சிறுமியின் கைவண்ணம் என்பதை எவரும் மறுக்க இயலாது. இரண்டாம் மேசையில் 13 ஆட்டங்கள் ஆடிய யூதித், 12 வெற்றியும் ஒரு சமனும் பெற்றாள்.

17 நகர்வுகள்

அவ்வெற்றிகளுள் ஒன்று பல்கேரிய நாட்டின் பாவ்லினா அங்கெலோவாவுக்கு எதிராக ஆடியது. அங்கெலோவா பன்னாட்டுப் போட்டிகளில் பழகிய, யூதித்தைவிட வயதில் மிக மூத்த வீராங்கனை. யூதித்துக்கு வெள்ளைக் காய்கள்.

முதல் நகர்வில் யூதித் அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். எதிராளி அதற்கு நேராக நிற்காமல், ராணிப் பக்கத்து மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். இதற்குச் 'சிசிலித் தற்காப்பு' என்று பெயர். சிசிலித் தீவைச் சேர்ந்த பியத்ரோ கரேரா என்னும் குருவானவர் 1617-இல் சதுரங்கம் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இரண்டாம் நகர்வில் இருபுறமும் குதிரைகள் வெளிவந்தன. மூன்றாம் நகர்வில் யூதித் தன் மந்திரியை நெடுந்தொலைவு செலுத்தி, எதிராளியின் குதிரையைத் தாக்கும்படி நிறுத்தினாள். நம் ஊரில் மந்திரி எனப்படும் இக்காயை ஆங்கிலேயர் 'ஆயர்' என்றே அழைக்கின்றனர். இந்த நகர்வைப் புகழ்பெறச் செய்தவரும் ஒரு குருவானவரே. ஸ்பெயின் நாட்டின் ரூய் லோப்பஸ் அடிகளார் 1561-இல் எழுதிய சதுரங்க நூலில் மந்திரியை இவ்வாறு செலுத்துவதை ஆராய்ந்தார். கறுப்புத் தரப்பும் அரசன் முன்னுள்ள சிப்பாயையே நகர்த்தி எதிர்கொண்டால், அதனை இன்றும் 'ரூய் லோப்பஸ் தொடக்கம்' என்பர். சிசிலித் தற்காப்புக்கு எதிரே அதே மந்திரி நகர்வை ஆடும்போது, அதற்கு 'ரொசோலிமோ' என்று பெயர். நிக்கோலாஸ் ரொசோலிமோ கீவ் நகரில் பிறந்து, பிரான்சில் வாழ்ந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். பெரும் ஆட்டக்காரராயிருந்தும், பிழைப்புக்காக நியூயார்க் தெருக்களில் வாடகைக் கார் ஓட்டியவர்.

நான்காம் நகர்வில் யூதித் தன் அரசனைக் கோட்டைக்குள் சேர்த்துப் பத்திரப்படுத்தினாள். அங்கெலோவாவின் அரசனோ இன்னும் நடுப் பலகையில்தான் இருந்தான். ஐந்தாம் நகர்வில் யூதித் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினாள். அங்கெலோவா தம் அரசன் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் முன்தள்ளி, நடுப் பலகையை அடைக்க முயன்றார். அடைபட்டுவிட்டால் ஆட்டம் நிதானமாகும். அரசனுக்குப் பாதுகாப்புத் தேட நேரம் கிடைக்கும்.

ஆறாம் நகர்வில் அந்தச் சிறுமி அடைபட்ட கதவைத் தள்ளினாள். ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தினாள். சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டின. ஏழாம் நகர்வின் முடிவில் அவளுக்கு ஒரு சிப்பாய் குறைவு. எட்டாம் நகர்வில் அதனை மீட்க முயலாமல், உள்ளே உறங்கிக்கொண்டிருந்த தன் மற்றொரு மந்திரியை வெளியே அழைத்தாள்.

வாசகர்களே, இந்த எட்டாம் நகர்வில் சற்று நின்று சிந்திப்போம். புதிதாய் ஆடுபவர் இழந்த சிப்பாயின் மேலேயே கண்ணாயிருப்பர். யூதித் தேடியதோ காலம். ஒரு சிப்பாயைக் கொடுத்து ஓரிரு நகர்வுகளை வாங்கினாள். அந்த நேரத்தில் அவள் காய்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, கோடுகள் திறந்தன, எதிராளியின் அரசனோ கோட்டை காணாமல் நின்றான். அரசன் ஒருவனே காத்து நிற்கும் வலுவற்ற சிப்பாய் ஒன்று அவன் பக்கத்தில் உண்டு. வெள்ளைக் காய்களின் பார்வை அவ்விடம் நோக்கித் திரும்பியது.

17-ஆம் நகர்வில் யூதித் தன் ராணியையே அந்தக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்து, அரசனுக்கு முற்றுகை கொடுத்தாள். பலகையில் விலைமதிப்பு மிக்க காய் அது. ஆனால் அதனை வெட்டினால் குதிரை பாய்ந்து வந்து அரசனை முடித்துவிடும். தன் காய்களாலேயே சூழப்பட்ட அரசனுக்கு ஓட வழியில்லை. அங்கெலோவா அத்துடன் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

அரசி தன்னை ஈந்தாள். சிறிய குதிரை வெற்றியை முடிக்கக் காத்திருந்தது. தாழ்ச்சியே அரசி என்ற தெரேசம்மாள் இந்த ஆட்டத்தைக் கண்டிருந்தால் புன்னகை புரிந்திருப்பார் அன்றோ!

வீட்டில் தொடங்கிய ஆட்டம்

இத்தகைய துணிவு பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? விடையைத் தேடிச் சென்றால் புடாபெஸ்ட் நகரத்து எளிய குடும்பம் ஒன்றின் வாசலில் போய் நிற்போம்.

லாஸ்லோ போல்கார், கிளாரா போல்கார் என்னும் தம்பதியர் யூத இனத்தவர். கல்வித் துறை சார்ந்தவர்கள். மேதை பிறப்பதில்லை, வளர்க்கப்படுகிறான் என்பது தந்தையின் உறுதியான நம்பிக்கை. மூத்த மகள் சூசன் நான்கு வயதில் வீட்டில் கிடந்த சதுரங்கக் காய்களைக் கண்டு, "இது என்ன விளையாட்டுச் சாமான்?" என்று வினவியதிலிருந்து எல்லாம் தொடங்கியது. அதே வயதில் அவள் புடாபெஸ்டின் பதினோரு வயதுக்குட்பட்ட சிறுமியர் போட்டியில் ஆடி, பத்து ஆட்டங்களில் பத்தையும் வென்றாள்.

பெற்றோர் தங்கள் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தனர். பொதுவுடைமை அரசின் அதிகாரிகள் இதனை எளிதில் ஒப்பவில்லை. பெண்கள் பெண்களுக்கான போட்டிகளில்தான் ஆட வேண்டும் என்றது சதுரங்க அமைப்பு. திறமைக்கு ஆண், பெண் வேறுபாடில்லை என்றார் தந்தை. இப்பிணக்கினால் சூசனுக்குச் சில ஆண்டுகள் மேல்நாட்டுப் பயண அனுமதியும் மறுக்கப்பட்டது. 1986-இன் இறுதியில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பெண்கள் அனைவருக்கும் தரமதிப்பில் 100 புள்ளி கூட்டிக் கொடுத்தது. ஆண்களோடு மிகுதியும் ஆடிவந்தவர் என்பதால் சூசன் ஒருவருக்கு மட்டும் கூட்டவில்லை. திறந்த களத்தில் ஆடத் துணிந்தவருக்கு நேர்ந்த இந்த அநீதியை அவர் பொறுமையுடன் தாங்கி, மீண்டும் ஆடினார்.

காலம் அவர்களுக்குத் தீர்ப்பு வழங்கிற்று. 1991-இல் சூசன் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் யூதித், பதினைந்து வயதும் சில மாதங்களும் ஆன நிலையில் அப்பட்டத்தைப் பெற்று, பாபி ஃபிஷர் 1958-இல் படைத்த சாதனையை முறியடித்தார். 2002-இல் மாஸ்கோவில் நடந்த விரைவு ஆட்டம் ஒன்றில் காரி காஸ்பரோவையும் வென்றார். ஒலிம்பியாடு அணிகள் தவிரப் பெண்களுக்கு மட்டுமான போட்டிகளை அவர் பெரும்பாலும் நாடவேயில்லை. பெண்கள் உலகப் பட்டத்துக்கும் அவர் போட்டியிடவில்லை.

அப்படியாயின் பெண்களுக்குத் தனிப் போட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நாமும் இதனைச் சிந்தித்தோம். ஜெர்மனியில் பெண்கள் அணிகளுக்கென்று தேசிய அளவிலான சதுரங்கக் கூட்டுப்போட்டியே 1991 முதல் நடைபெற்று வந்துள்ளது. அத்தகைய களங்கள் இல்லையேல், துணைக்கு ஒருத்தியும் இல்லாமல் ஆடவர் கூட்டத்தில் நுழையத் தயங்கும் பல நூறு சிறுமியர் பலகையையே தொட்டிருக்க மாட்டார்கள். தனி மேசை ஒரு படிக்கட்டு. படிக்கட்டு வேண்டும்; அதுவே கூரையாகிவிடக் கூடாது.

போல்கார் தந்தையின் வழியை அப்படியே பின்பற்றுங்கள் என்று பெற்றோருக்கு நாம் சொல்ல மாட்டோம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும், ஒரே துறையில் நாள் முழுதும் ஈடுபடுத்துவதும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஏற்ற வழியல்ல. பெற்றோரின் ஆசையைப் பிள்ளையின் தோளில் ஏற்றிப் பார்க்கும் ஆபத்தும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பெற்றோர் தங்கள் மகளிடம், 'இது உனக்குரியதன்று' என்று சொல்லவில்லை. தங்கள் நேரத்தையும், வசதியையும், அதிகாரிகளின் நல்லெண்ணத்தையும் சிப்பாய்களைப் போல் முதலிலேயே ஈந்தனர். எட்டாம் நகர்வில் யூதித் கொடுத்த சிப்பாய்க்குப் பின்னால், அவள் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் கொடுக்கத் தொடங்கிய சிப்பாய்கள் பல.

நம் வீட்டுப் பலகை

நம் நாட்டிலும் கதவுகள் திறந்திருக்கின்றன. 2022-இல் நம் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடு கூடியபோது, இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. அவ்வணியில் ஆடிய ஹரிகா துரோணவள்ளி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. தாய்மைக்கும் திறமைக்கும் பகையில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? 2024-இல் அவர் மீண்டும் அணியில் இருந்தார். சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் உடன் ஆடினார். அவ்வாண்டு இந்தியப் பெண்கள் முதன்முறையாகத் தங்கம் வென்றனர். வென்ற இடம் எது தெரியுமா? போல்கார் சகோதரியர் பிறந்து வளர்ந்த அதே புடாபெஸ்ட் நகர்!

வைஷாலியின் வீட்டிலும் முதலில் பலகையின் முன் அமர்ந்தவர் அவரே. அவரைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா ஆடக் கற்றான். நம் இல்லங்களிலோ அண்ணன் ஆடுவான். தங்கை அருகில் நின்று, வெட்டுப்பட்ட காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவாள். சதுரங்கத்தில் மட்டுமா இந்த நிலை? மிதிவண்டி முதல் மேற்படிப்பு வரை, "அவளுக்கு எதற்கு?" என்னும் ஒரு சொல்லால் எத்தனை ஆட்டங்கள் முதல் நகர்வுக்கு முன்பே முடிந்துபோகின்றன! அச்சொல்லை உரைப்பவர்கள் தீயவர்கள் அல்லர். பரபரப்பில், பழக்கத்தில், அன்போடுங்கூட உரைப்பார்கள். நாமே உரைத்தோமே!

இவ்வாண்டுத் திருவிழா அறிவிப்பில் 'சிறுவர் சிறுமியர் சதுரங்கப் போட்டி' என்று அச்சிடச் செய்தோம். பிறகு அந்தத் தாயின் வீட்டைத் தேடிச் சென்றோம். மன்னிப்புக் கேட்டு, மகளின் பெயரை நம் கையாலேயே எழுதிக்கொள்ள எண்ணம். வீடு பூட்டியிருந்தது. தந்தைக்கு மாற்றலாகி, மே மாதத்திலேயே குடும்பம் வெளியூர் சென்றுவிட்டதாக அண்டை வீட்டார் கூறினர். அவர்கள் சென்ற ஊரிலாவது அச்சிறுமிக்கு யாரேனும் ஒரு பலகையை விரித்து, எதிரே அமர்ந்திருப்பார்கள் என்று நம்புகிறோம்.

இம்முறை மூன்று சிறுமியர் பெயர் கொடுத்துள்ளனர். மூன்று என்பது சிறிய எண்தான். தெசலோனிக்க நகரில் ஹங்கேரிக்கு இருந்த மேசைகளும் மூன்றே. பெற்றோரே, இன்று மாலை சமையலும் பாடமும் முடிந்தபின், வீட்டில் சதுரங்கப் பலகை இருக்குமானால் எடுத்து விரியுங்கள். உங்கள் மகளை அழைத்து எதிரே அமர்த்துங்கள். வெள்ளைக் காய்களை அவளுக்கே கொடுங்கள். முதல் நகர்வு அவளுடையதாகட்டும்.